முறிந்த ஆணி

2016 ஆம் ஆண்டு மார்கழியில், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குச் செல்லும் மாணவர் மூவருடன் யாம் எழுவைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்குச் சிறு படகொன்றிற் புறப்பட்டோம். வழியில் நீருள் மறைந்திருந்த முருகைக்கல்லில் விசிறி மோதிற்று. இயந்திரம் இரைந்தது, படகோ நகரவில்லை. மாணவர் எம் முகத்தை நோக்கினர். யாம் கைக்கடிகாரத்தை நோக்கினோம்.

படகோட்டி இயந்திரத்தை நிறுத்தி, நீருக்கு மேலே சாய்த்து, விசிறியைக் கழற்றினார். அதனைத் தண்டுடன் பிணைத்த சிற்றாணி முறிந்திருந்தது. துண்டுகளைத் தட்டி அகற்றிப் புத்தாணி செருகினார். நெளிந்த இதழைக் குறட்டால் நிமிர்த்தினார்.

“மாஸ்ரர், ஆணி முறிஞ்சதாலதான் உள்ளுக்குப் பற்சில்லு தப்பினது. முறியாத ஆணி போட்டால் எல்லாம் போயிருக்கும்” என்றார்.

மணியடிக்குமுன் மண்டபம் சேர்ந்தோம். அன்றுதொட்டு, மாணவர் தவறுங்கால் முறிய விடுவது எம் கடுமையையே, உள்ளிருக்கும் ஊக்கத்தையன்று.