கட்டம் இருந்தது, எழுதாதது நான்

எங்கள் குடும்பத்தின் கொடிவழியைக் கணினியில் தொகுத்து வருபவன் நான். பணி ஓய்வுக்குப் பிறகு ஆசையோடு எடுத்துக்கொண்ட வேலை. ஏழு தலைமுறைப் பெயர்களைத் தேடித் தேடிச் சேர்த்த நான், இரண்டு பெண்களின் பெயரைத் தெரிந்தே விட்டேன். ஒருத்தி, என் அக்கா மகளை மணந்தவள். இன்னொருவர், என் பெரியப்பாவோடு கடைசி வரை வாழ்ந்த அம்மா. ஏன் விட்டாய் என்று கேட்டபோது மென்பொருளின் மீது பழியைப் போட்டேன். அது பொய்.

அக்கா மகள் டொராண்டோவில் இருக்கிறாள். கனடாவில் 2005 முதலே நாடு முழுக்க ஒருபாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். அவர்களும் அங்கே முறைப்படி பதிவு செய்துகொண்டவர்கள்தான். இங்கே உறவில் யார் கேட்டாலும் "கூட வேலை பார்க்கிற பொண்ணோட தங்கியிருக்கா" என்பாள் அக்கா. கல்யாணப் படம் என் கைபேசியில் இருந்தது. இருந்தும் கொடிவழியில் அவள் பெயரைத் தனியாக நிறுத்தினேன். பிடிஎஃப் ஆக்கிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்ட அன்று இரவே அவள் அழைத்தாள்.

"மாமா, எல்லார் பக்கத்துலயும் அவங்கவங்க வீட்டுக்காரர் பேரு இருக்கு. என் பக்கத்துல மட்டும் ஏன் காலியா இருக்கு?"

"அந்த சாஃப்ட்வேர்ல அதுக்கு வசதி இல்லம்மா. ஆம்பளை ஒரு கட்டம், பொம்பளை ஒரு கட்டம், அவ்வளவுதான்."

"சரி மாமா" என்றாள். வாதாடவில்லை. அதன் பிறகு அவள் எனக்குப் பழைய படங்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள். அதில் ஒரு குடும்பப் பதிவைத் திறந்தால் மேலே இரண்டு பேருக்கு இடம் இருக்கும். அங்கே இரண்டு பெண்களை வைத்தாலும் இரண்டு ஆண்களை வைத்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். அதே பக்கத்தில் உறவு வகை என்று ஒரு பட்டியல் விரியும். மணமானவர்கள், மணமாகாதவர்கள், சிவில் யூனியன் என்னும் சட்டப்பதிவு இணைவு, தெரியவில்லை என்பவை அதில் இருக்கின்றன. எதுவும் பொருந்தாவிட்டால் நம் சொல்லையே தட்டச்சு செய்துகொள்ளலாம். தரவுகளைச் சரிபார்க்கும் கருவியை ஓட்டினால், ஒருபாலினத் திருமணத்தை அது ஒரு வரியில் சுட்டிக் காட்டும். கை தவறி ஏறிய பிழையா என்று பார்க்கச் சொல்லும் குறிப்பு அது, தடை அல்ல. இதெல்லாம் தெரிந்துதான் அவளிடம் வசதி இல்லை என்றேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றும் இருந்தது. கொடிவழித் தரவை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற கெட்காம் என்ற கோப்பு வடிவம் உண்டு. மார்மன் திருச்சபையினர் 1980களில் உருவாக்கியது. அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கணவன், மனைவி என்று இரண்டு குறிச்சொற்கள் இருக்கும். இரண்டு பெண்கள் என்றால் ஒருத்தியைக் கணவன் இடத்தில்தான் வைக்க வேண்டும், அது அவர்களுக்கே மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் 2021-இல் வந்த ஏழாம் பதிப்பின் விதிகள், அந்தக் குறிச்சொற்களை வைத்து யாருடைய பாலினத்தையும் பாத்திரத்தையும் ஊகிக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கின்றன. அந்தத் திருச்சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் கொடிவழியே 2019 முதல் ஒருபாலின இணையர்களைப் பதிய இடம் தருகிறது. சமயக் கொள்கையில் ஒருபாலினத் திருமணத்தை ஏற்காதவர்கள் அவர்கள். ஆனாலும் வாழ்ந்தவர்களை வாழ்ந்தபடி பதிய வேண்டும் என்று வரும்போது இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை.

பெரியப்பா விஷயம் இதைவிட மோசம். பெரியம்மா இறந்த பிறகு அவர் ஒரு அம்மாவோடு சேர்ந்து வாழ்ந்தார். தாலி கட்டவில்லை. மூன்று பிள்ளைகள். பெரியப்பா படுக்கையில் விழுந்த காலத்தில் மலம் மூத்திரம் எடுத்தவர் அந்த அம்மாதான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவரைக் குறிப்பிட்ட சொல்லை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் அந்தப் பிள்ளைகளைக் கொடிவழியில் சேர்த்தேன், பெரியப்பாவின் ரத்தம் என்று. தாயின் இடத்தில் "தெரியவில்லை" என்று போட்டேன். அவர் பெயரும் ஊரும் எனக்குத் தெரியும். சிறுவனாக அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

குலதெய்வம் கோயில் பொங்கலுக்கு இந்தக் கொடிவழியை ஃபிளெக்ஸில் அச்சடித்து மண்டபத்துச் சுவரில் கட்டினோம். ஆளாளுக்குத் தங்கள் பெயரைத் தேடிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பாவின் கடைசி மகள், எனக்குத் தங்கை முறை, தன் பேத்தியைக் கூட்டிவந்தாள். அந்தக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது. விரலை வைத்துக் கோட்டின் வழியே மேலே போய், "தெரியவில்லை... அப்படின்னா யாரு பாட்டி?" என்று கேட்டது. தங்கை பதில் சொல்லவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நானும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் தாய்வழித் தாத்தா பாட்டி 1940களில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். ஐயர் இல்லை, தாலி இல்லை, மாலை மாற்றிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா முதலமைச்சரான பிறகு 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்துத்தான், அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கினார்கள். அதுவரை சட்டத்தின் கண்ணில் தாத்தாவும் பாட்டியும் மணமானவர்கள் அல்லர். என் அம்மா பிறந்ததும் வளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். அவர்கள் பதிவில் "மணமானவர்கள்" என்று போட்டுத் தேதியையும் சேர்த்தபோது என் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பெருமையாக இருந்தது. தாலியும் சட்டமும் தாத்தாவுக்குத் தேவைப்படவில்லை. பெரியப்பாவுக்கும் அக்கா மகளுக்கும் மட்டும் தேவைப்பட்டன. அக்கா மகளிடம் சட்டமே இருந்தும் அது கனடாச் சட்டம் என்று ஒதுக்கினேன்.

ஒருபாலின உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018-இல். திருமண உரிமை தர மறுத்தது 2023-இல். அந்த இரண்டாவது தீர்ப்பைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். 2025 மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்று தெளிவாகச் சொன்னது. அதைப் படித்த பிறகும் சில வாரங்கள் கோப்பைத் திறக்காமலேதான் இருந்தேன். உண்மையான காரணம் சட்டம் அல்ல, பயம். நாளைக்கு நம் வீட்டில் பெண் எடுக்க வருகிறவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அக்கா முகம் வாடுமே என்ற பயம். நாலு பேர் நடுவில் "இதையெல்லாமா எழுதுவாங்க" என்று யாராவது கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்.

அவர்களின் அந்தரங்கத்தைக் காக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். அந்தரங்கம் பெரிய விஷயம்தான். வீட்டுக்குத் தெரியாமல் வாழும் எத்தனையோ பேருக்கு ஒரு கொடிவழித் தாளே ஆபத்தாக முடியலாம். அதற்காகவே கிராம்ப்ஸில் ஒவ்வொரு பதிவிலும் ஒரு பூட்டுச் சின்னம் இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் அந்தத் தகவலை வெளியே போகும் பிரதியிலிருந்து விலக்கிவிடலாம். ஆனால் பூட்ட வேண்டுமா என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்க வேண்டும். நான் அக்கா மகளிடமும் கேட்கவில்லை, பெரியப்பாவின் பிள்ளைகளிடமும் கேட்கவில்லை.

கடைசியில் கேட்டேன். அக்கா மகளிடம், வசதி இருந்தது, நான்தான் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்கு அப்பவே தெரியும் மாமா, நானும் அதை டவுன்லோட் பண்ணிப் பார்த்தேன்" என்றாள். துணைவியின் பெயரை முழுதாக, எழுத்துக்கூட்டோடு அனுப்பினாள். பெரியப்பா மகள் வேறு மாதிரி சொன்னாள். "அண்ணா, கல்யாணம் ஆனவங்கன்னு போடாதீங்க. எங்கம்மா ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கிட்டது இல்ல. சேர்ந்து வாழ்ந்தாங்கன்னு போடுங்க, அது போதும்." நானாக இருந்தால் மரியாதைக்காக மணமானவர்கள் என்றே போட்டிருப்பேன். அதுவும் அந்த அம்மாவின் வாழ்க்கையை என் வசதிக்குத் திருத்துவதாகவே ஆகியிருக்கும். அவள் சொன்னபடியே உறவு வகையில் "சேர்ந்து வாழ்ந்தவர்கள்" என்று தட்டச்சு செய்தேன்.

அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பழைய பிடிஎஃப் எத்தனையோ பேர் கைபேசியில் இருக்கிறது, அதைத் திரும்பப் பெற வழியில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கலாம், அது நீங்களாகவே இருக்கலாம். உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். இறந்தவர்கள் என்றால் அவர்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் பூட்டி வையுங்கள். தெரிந்த பெயருக்குப் பதிலாகத் "தெரியவில்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.