பிலிமத்தலாவை சுவிட்ச் வழக்கு

"மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது வழக்காளி சுவிட்சைத் திருப்பினார்; தீ அதனால்தான் ஏற்பட்டது." சோலார் பூட்டிக்கொடுத்த எதிராளியின் மறுமொழியில் இந்த வரியைக் கண்டதும் கட்சிக்காரரிடம், "இது நமக்கு நல்லது" என்றேன். அவர் திகைத்தார். "பழிய என் தலையிலதானே போடுறாங்க, சேர்?" என்று கேட்டார்.

அவர் பிலிமத்தலாவையில் கொழும்பு–கண்டி வீதியோரம் பித்தளைச் சாமான் கடை நடத்துபவர். கீழே கடை, மேலே வீடு. மெருகேற்றும் மோட்டார்களுக்காக மூன்று பேஸ் இணைப்பு எடுத்திருந்தார். 2016 இல் 'சூரியபல சங்கிராமய' தொடங்கிய பிறகு அந்த வீதியில் கூரைக்குக் கூரை சோலார் ஏறியது. இவரும் 450 வொட் பலகைகள் பதினாறை ஒரே தொடராக மாட்டிக்கொண்டார். ஒரு மத்தியானம் இன்வேர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கருகிய வாடையும் வந்தது. ஓடிப்போய் பக்கத்துச் சுவரிலிருந்த, பலகைகளின் மின்சாரத்தைத் துண்டிக்கும் டீசி ஐசொலேட்டர் சுவிட்சைத் திருப்பினார். பெட்டி உள்ளுக்குள்ளேயே சீறி உருகியது. தீ மேல்தட்டுச் சரக்குக்கும் சீலிங்குக்கும் பரவியது. உயிருக்குச் சேதமில்லை.

வீட்டில் வரும் ஏசி மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஒரு விநாடிக்கு 100 தடவை அது பூச்சியத்தைத் தொட்டுத் திரும்புகிறது. சுவிட்சைத் திறக்கும்போது எழும் பொறி அந்தப் பூச்சியத்தில் அணைந்துவிடும். பலகையிலிருந்து வரும் டீசிக்கு அப்படிப் பூச்சியம் கிடையாது. தொடுகைகள் விலகிய பிறகும் இடைவெளியில் பொறி நின்று எரியும். அதை நீட்டி, பிரித்து, குளிரவைத்து அணைப்பதற்கென்றே செய்த சுவிட்ச்தான் அங்கே வேண்டும். சந்தையில் கிடைக்கும் ஏசி ஐசொலேட்டரை அந்த இடத்தில் போட்டவர்களையும் நான் அறிவேன். எங்கள் வழக்கில் அது நடக்கவில்லை, அதுதான் சிக்கலே.

எதிராளி பற்றுச்சீட்டை நீட்டினார்: '1000 வோல்ட் டீசி ஐசொலேட்டர்.' உண்மையில் நல்ல பொருள்தான் கொடுத்திருந்தார். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தை மட்டும் நம்பி, சொன்ன தேவைக்குப் பொருள் பொருந்தவில்லை என்று வழக்கிட்டிருந்தால் அங்கேயே தோற்றிருப்போம். ஆகவே வேலையில் கவனக்குறைவு என்று ரோமன்–டச்சுச் சட்டத்தின் கீழும் நட்டஈடு கோரியிருந்தோம். எழுவினாக்கள் தீர்மானிக்கப்பட்ட அன்று, வழக்கின் முழுப் பாரமும் அந்த இரண்டாவது காலில் வந்து நின்றது.

உருகிய பெட்டியைக் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாக அடையாளமிட்டோம். சாட்சியச் சட்டத்தின் 45 ஆம் பிரிவின் கீழ் நிபுணராக வந்த மின் பொறியியலாளர் அதில் ஒரு மூலையைக் காட்டினார். சுவிட்சில் நான்கு முனைகள். இரண்டில் மட்டும் வயர் இருந்தது. மற்ற இரண்டின் ஆணிகளில் வயர் கடித்த தடம்கூட இல்லை. தயாரிப்பாளரின் தாளிலோ, நான்கு முனைகளையும் தொடராக இணைத்தால்தான் 1000 வோல்ட் என்று இருந்தது. பொசிட்டிவ் வயரில் இரண்டு, நெகட்டிவ் வயரில் இரண்டு, நடுவே இணைப்புத் துண்டுகள். இரண்டு முனை மட்டும் என்றால் 600 வோல்ட்தான். பலகை ஒன்றின் திறந்த சுற்று மின்னழுத்தம் 49.5 வோல்ட், பதினாறுக்கு 792.

எதிராளியின் சட்டத்தரணியான என் கற்றறிந்த நண்பர் சளைக்கவில்லை. அந்த 792 என்பது 25 பாகைக் கணக்கு, மத்தியான வெயிலில் பலகை சூடேறினால் வோல்ட் குறையும் என்றார். சரியான வாதம். நிபுணர் சாட்சிக் கூண்டிலேயே கணக்குப் போட்டார்: பலகை 60 பாகைக்குச் சூடேறினாலும் 700க்குக் கீழே இறங்காது. கண்டியின் குளிர்ந்த விடியலில் 15 பாகை என்றால் 800ஐயும் தாண்டும். சுவிட்சைத் தெரிவு செய்ய வேண்டியது அந்த விடியலுக்குத்தான் என்று அவராகவே சேர்த்துச் சொன்னார். நான் கேட்காமல் கிடைத்த பதில்.

பிறகு எதிராளியின் தொழில்நுட்பவியலாளரைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"முதலில் ஏசியை நிறுத்திவிட்டுத்தான் டீசியைத் திருப்ப வேண்டும் என்கிறீர்கள். அந்த ஒழுங்கு சுவரில் ஒட்டப்பட்டிருந்ததா?"

"இல்லை."

"இந்தச் சுவிட்ச் எதற்கு?"

"அவசரத்துக்கு நிறுத்த."

"அவசரத்தில் மின்னோட்டம் இருக்குமா, இருக்காதா?"

"இருக்கலாம்."

எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான்: மின்னோட்டம் ஓடும்போது திருப்பியது என் கட்சிக்காரரின் தவறல்ல, சுவிட்ச் இருப்பதே அதற்குத்தான். மின்னோட்டம் இல்லாதபோது மட்டும் திறக்கலாம் என்ற வகைச் சுவிட்சும் உண்டு, ஐ.ஈ.சி. 60947-3 தரநிர்ணயத்தில் அதற்கு டீசி-20 என்று பெயர். சோலாருக்கென்றே டீசி-பீவி1, டீசி-பீவி2 என்று தனி வகைகள் இருக்கின்றன. இன்வேர்ட்டரின் டீசிப் பக்கத்தில் சுவிட்ச் வேண்டும் என்று ஐ.ஈ.சி. 60364-7-712 சொல்வதும், ஆபத்தில் ஒரு மனிதர் கைவைக்கும் இடம் அது என்பதால்தான்.

வெளிநாட்டு வழக்குகளையும் தேடிப் படித்தேன். 2019 ஓகஸ்டில் வோல்மார்ட் நிறுவனம் ஏழு கடைகளின் கூரைத் தீக்காக நியூயோர்க்கில் டெஸ்லா மீது வழக்கிட்டது. கலிபோர்னியாவின் யூபா சிட்டி கடையில், 2018 ஜூனில் நிறுத்தி வைத்த தொகுதியே நவம்பரில் தீப்பற்றியது என்பது அதிலுள்ள ஒரு குற்றச்சாட்டு. சுவிட்சை நிறுத்தினாலும் வெயில் பட்ட பலகையில் வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த வழக்கு சில மாதங்களில் சமரசமாகிவிட்டது. முன்தீர்ப்பாகக் காட்ட வழியில்லை. அவுஸ்திரேலியாவின் கதை வேறு. கூரைமேலும் ஐசொலேட்டர் கட்டாயம் என்றிருந்தார்கள். பெட்டிக்குள் மழைநீர் இறங்கி, தீயைத் தடுக்க வைத்ததே தீக்குக் காரணமானது. 2021 தரநிர்ணயத்தில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். எங்கள் பிலிமத்தலாவை மழைக்கு இது நினைவிலிருக்க வேண்டும்: வயர் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையட்டும், மேலிருந்து வேண்டாம்.

தொழில்நுட்பவியலாளர் கூண்டிலிருந்து இறங்கிய பிறகு எதிராளி சமரசத்துக்கு வந்தார். சரக்கு, சீலிங், வயரிங் மூன்றுக்கும் நட்டஈடு. நான்கு முனைகளையும் இணைத்துப் புதுச் சுவிட்ச். அதே ஆட்கள் பூட்டிய மற்ற இடங்களையும் சோதிப்பதாக ஓர் உறுதி. கடைசி நிபந்தனை என் கட்சிக்காரர் கேட்டது. நீதிபதி அதையும் சேர்த்தே தீர்ப்பாணையில் பதிந்தார்.

சோலார் பூட்டுபவருக்குக் கடைசித் தவணை கொடுக்குமுன் டீசி சுவிட்சின் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை முனை, எந்தப் படத்தின்படி இணைத்தது, எத்தனை வோல்ட்டுக்கு என்று அதிலேயே எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். எங்கள் வழக்கில் அந்தத் தாளைப் பெற இறக்குமதியாளருக்கு அழைப்பாணை அனுப்ப வேண்டியிருந்தது.