பீப்பாய்க்குள் இருப்பதை அறிதல்

கதிரியக்கக் கழிவை மண்ணுக்குள் அனுப்புவதற்கு முன்பு, அதில் எந்தெந்தக் கதிரியக்கத் தனிமங்கள் எந்த அளவில் இருக்கின்றன, அவை எந்த வேதிப்பொருள்களோடு கலந்து கிடக்கின்றன, திரவமோ எரியும் வாயுவோ அவற்றோடு அடைபட்டிருக்கிறதா என்பனவற்றைக் கண்டறிந்து பதிவு செய்யும் பணி கழிவின் தன்மையறிதல் எனப்படுகிறது. அணு உலைகளை வடிவமைத்தவர்களைப் பற்றியும் அணுகுண்டைச் செய்தவர்களைப் பற்றியும் நூல்கள் ஏராளமாக உள்ளன. அந்த உலைகளும் ஆயுதக் கூடங்களும் விட்டுச்சென்ற கையுறைகளையும் கந்தல் துணிகளையும் உடைந்த குழாய்களையும் உப்புப் படிவுகளையும் பீப்பாய் பீப்பாயாக ஆராய்ந்து, இதைப் புதைக்கலாம், இதைப் புதைக்கக் கூடாது என்று கையொப்பமிடும் தொழிலாளரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஆயினும், பல்லாயிரம் ஆண்டுகள் காக்க வேண்டிய ஒரு புதைவிடத்தின் பாதுகாப்பு அந்தக் கையொப்பத்தின் நேர்மையைச் சார்ந்தே நிற்கிறது.

இத்தொழிலின் நுட்பத்தையும் அதன் பலவீனத்தையும் ஒருங்கே காட்டும் களம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ளது. கார்ல்ஸ்பாட் நகருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடல் ஒன்று விட்டுச்சென்ற உப்புப் படுகையில், தரைமட்டத்திலிருந்து சுமார் 655 மீட்டர் ஆழத்தில் குடையப்பட்ட அறைகளில், 1999 மார்ச் முதல் அந்நாட்டின் ராணுவ அணுசக்தித் திட்டங்களின் கழிவு அடுக்கப்பட்டு வருகிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி 'விப்' என்று அழைக்கப்படும் இந்த நிலையத்தில் உப்பே காவல்; பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல நகரும் இயல்புடைய அது, காலப்போக்கில் அறைகளின் சுவர்களை நெருக்கி, பீப்பாய்களைத் தனக்குள் மூடிக்கொள்ளும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. இங்கே எல்லாக் கழிவுக்கும் இடமில்லை. புளூட்டோனியம், அமெரிசியம் போன்று யுரேனியத்தைவிட அணு எண் கூடியனவாயும், ஆல்ஃபா துகளை வெளியிடுவனவாயும், 20 ஆண்டுக்கு மேற்பட்ட அரை ஆயுள் உடையனவாயும் உள்ள தனிமங்கள் ஒரு கிராம் கழிவில் 100 நானோகியூரிக்கு மேல், அதாவது நொடிக்கு 3,700 சிதைவுகளுக்கு மேல், இருந்தால்தான் அது இங்கே வரவேண்டிய கழிவு; அதற்குக் குறைந்தால் தாழ்நிலைக் கழிவாக ஆழம் குறைந்த புதைகுழிக்கே போகும். அரை ஆயுள் என்பது ஒரு தனிமத்தின் பாதி சிதைந்து முடிய ஆகும் காலம். புளூட்டோனியம்-239க்கு அது ஏறத்தாழ 24,100 ஆண்டுகள். ஒரு பீப்பாய் எங்கே போக வேண்டும் என்பதை ஓர் எண் முடிவு செய்கிறது என்றால், அந்த எண்ணைக் கண்டுசொல்பவரின் பொறுப்பு எத்தகையது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அறியாமல் புதைத்தால் என்ன நேரும் என்பதற்கு ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கம் சான்று. 1967 முதல் 1978 வரை அங்கே ஏறத்தாழ 1,26,000 கொள்கலன்கள் இறக்கப்பட்டன. பல அறைகளில் பீப்பாய்கள் ஒழுங்காக அடுக்கப்படாமல் உருட்டித் தள்ளப்பட்டன. உள்ளே இருப்பவை பற்றிய ஆவணங்களோ பல இடங்களில் குறையுடையனவாக இருந்தன. பின்னர் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் கசியத் தொடங்கியது. அனைத்தையும் மீண்டும் மேலே எடுக்க வேண்டும் என்று 2013இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. புதைக்கும்போது செய்யாத தன்மையறிதலை, துருவேறி நசுங்கிய பீப்பாய்களிடையே நின்று செய்யும் நிலை இன்றைய தலைமுறைத் தொழிலாளர்மீது சுமத்தப்பட்டுள்ளது.

விப் நிலையத்துக்கு அனுப்பப்படும் பீப்பாய், அது உருவான இடத்திலேயே சோதனைகளைக் கடக்க வேண்டும். முதலாவது, எக்ஸ்ரே. 208 லிட்டர் கொள்ளளவுள்ள எஃகுப் பீப்பாய் ஒன்று ஈயச் சுவர்களுக்குள் ஒரு சுழல்மேடைமீது ஏற்றப்படுகிறது. வெளியே திரைக்கு முன் அமர்ந்திருக்கும் இயக்குநர், உள்ளே உள்ள பொருள்களின் நிழல்களைப் படித்து, கண்டவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்கிறார். படமும் குரலும் சேர்ந்தே பதிவாகின்றன. அவருடைய கண் தேடுவது முக்கியமாக இரண்டை: திரவம், அழுத்தத்தில் அடைபட்ட கலன். தெளிப்பான் டப்பா ஒன்று ஓட்டையிடப்படாமல் கிடந்தாலும் அந்தப் பீப்பாய் திருப்பி அனுப்பப்படும். திரவத்தைக் கண்டுபிடிக்கும் முறை, தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பதை ஒத்தது. மேடையைச் சற்றே அசைத்து நிறுத்தினால், திடப்பொருளின் நிழல் உடனே அசைவற்றுப்போக, திரவத்தின் மேல்விளிம்பு மட்டும் சில கணம் தளும்பிக்கொண்டே இருக்கும். மடிந்த பிளாஸ்டிக் பையின் மூலையில் தேங்கிய சிறிதளவு நீரின் அந்தத் தளும்பலைக் காணப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். என்னென்ன உள்ளன என்று முன்பே அறியப்பட்ட பொருள்களை இட்டு நிரப்பிய சோதனைப் பீப்பாய்களைச் சரியாகப் படித்துக் காட்டிய பின்னரே ஒருவர் இந்த இருக்கையில் அமர்த்தப்படுகிறார்.

எக்ஸ்ரே வடிவத்தைக் காட்டும். கதிரியக்கத்தின் அளவைச் சொல்வது வேறொரு கருவி. இத்தொழிலின் உயிர்நாடி ஜெர்மானியப் படிகமே என்று சொல்வது மிகையாகாது. மிகத் தூய ஜெர்மானியத்தால் வளர்க்கப்பட்டு, உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள அந்தப் படிகம், திரவ நைட்ரஜனின் துணையால் பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கப்பட்டு, பீப்பாயின் எதிரே நிறுத்தப்படுகிறது. காமா கதிரை வெளியிடும் கதிரியக்க அணு ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றல்களில் மட்டும் அதை வெளியிடுகிறது. அமெரிசியம்-241 என்றால் 59.5, சீசியம்-137 என்றால் 662, புளூட்டோனியம்-239 என்றால் 129, 375, 414 என்று கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் அவற்றைக் குறிப்பர். முந்தைய காலத்தின் சோடியம் அயோடைடு படிகம், அருகருகே உள்ள இரு ஆற்றல்களை ஒரே மேடாகக் குழப்பிக் காட்டியது. ஜெர்மானியமோ அவற்றைத் தனித்தனிக் கூர்முனைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. திரையில் எழும் அந்தக் கூர்முனைகளின் வரிசையே காமா நிறமாலை. அதைப் பார்த்தவுடனேயே பீப்பாய் எந்தக் கூடத்திலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கக்கூடிய அளவுக்கு அனுபவம் முதிர்ந்தவர்கள் இத்துறையில் உண்டு.

ஆனால் எது இருக்கிறது என்று அறிவதைவிட எவ்வளவு இருக்கிறது என்று அறிவது கடினம். பீப்பாயின் நடுவே உள்ள புளூட்டோனியத்தின் கதிர், வெளியே வருவதற்குள் சுற்றியுள்ள பொருள்களில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடக்கூடும். துணி குறைவாக விழுங்கும், இரும்பு மிகுதியாக விழுங்கும். இதனால் பீப்பாயைச் சுழற்றிக்கொண்டே, அடிமுதல் மேல்வரை கிடையான துண்டு துண்டாக அளக்கின்றனர். மறுபுறத்தில் அளவு தெரிந்த கதிர்மூலம் ஒன்றை வைத்து, அதன் கதிர் பீப்பாயை ஊடுருவி வருகையில் எவ்வளவு குறைகிறது என்று கண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் திருத்தம் செய்கின்றனர். அப்போதும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. புளூட்டோனியம் தூளாகப் பரவாமல் கட்டியாக இருந்தால், கட்டியின் உட்பகுதியிலிருந்து புறப்படும் கதிரை அதன் வெளிப்பகுதியே விழுங்கிவிடுவதால், கருவி உண்மையைவிடக் குறைத்தே சொல்லும். ஒரே அளவீட்டை நம்பாமல், புளூட்டோனியம்-240 தானாகப் பிளவுறும்போது வெளியேறும் நியூட்ரான்களை எண்ணும் மற்றொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதன் பொருட்டே. இரண்டும் ஒத்துப்போகாதபோது எண்ணை எழுதாமல் நிறுத்தி வைக்கும் துணிவே நல்ல அளவையாளரின் அடையாளம். பீப்பாய்க்குள் சேரும் வாயுவைச் சோதிப்பது முதலான ஏனைய படிகள் இவற்றோடு ஒப்பிட வழக்கமானவை.

கொலராடோ மாநிலத்தில் அணுகுண்டுகளுக்கான புளூட்டோனிய உறுப்புகளைச் செய்துவந்த ராக்கி ஃபிளாட்ஸ் ஆலையைப் பிரித்தெடுத்தபோது, இதே கலை கட்டடத்துக்குள்ளேயே நுழைந்தது. 1989இல் உற்பத்தி நின்ற அந்த ஆலையின் காற்றுக் குழாய்களில் மட்டும் ஏறத்தாழ 28 கிலோ புளூட்டோனியம் படிந்து கிடந்ததாகக் கணக்கிடப்பட்டது. பணியாளர் கைகளை மட்டும் உள்ளே நுழைத்து வேலை செய்யும் மூடிய கையுறைப் பெட்டிகள் 1,400க்கும் மேல் இருந்தன. காற்றுக் குழாய் இணைத்த உடையணிந்து அவற்றை ரம்பத்தால் அறுப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலையாக இருந்தது. சீரியம் நைட்ரேட் கரைசலால் பெட்டிகளின் உட்புறத்தைக் கழுவி, எஞ்சிய அளவை அங்கேயே அளந்து, அது வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது என்று நிறுவ முடிந்த பின்னர், பல பெட்டிகளை அறுக்காமல் முழுதாகவே தாழ்நிலைக் கழிவாக அனுப்ப முடிந்தது. இங்கே அளவீடு, அறுப்பவர்களின் நுரையீரலைக் காத்தது. 2005இல் நிறைவுற்ற அந்தப் பணியில், முன்பு அதே பெட்டிகளில் புளூட்டோனியத்தைக் கடைந்தவர்களில் பலரும் பங்கேற்றனர். எந்தக் குழாயின் எந்த வளைவில் தூள் தேங்கும் என்ற அவர்களுடைய நினைவு எந்தக் கருவிக்கும் குறையாத தகவல் மூலமாக விளங்கியது.

அந்த நினைவுக்கு விப் நிலையத்தின் விதிகளிலும் இடம் உண்டு. ஒரு பீப்பாயில் உள்ளவை எந்த வேலையிலிருந்து வந்தன, அந்த வேலையில் எந்த அமிலமும் கரைப்பானும் பயன்பட்டன என்பதைப் பழைய பணிப்பதிவேடுகள், கொள்முதல் சீட்டுகள், ஓய்வுபெற்றவர்களின் வாய்மொழி ஆகியவற்றிலிருந்து திரட்டும் பகுதி, 'ஏற்கத்தக்க அறிவு' என்ற பெயரால் குறிக்கப்படுகிறது. வேதியியல் பெரும்பாலும் இந்தத் தாள்களையே நம்பியிருக்கிறது. எக்ஸ்ரே நிழலைக் காட்டும். ஜெர்மானியம் கதிரை எண்ணும். கோதுமைத் தவிட்டையும் களிமண்ணையும் பிரித்தறிய இரண்டாலும் இயலாது.

அந்த இடைவெளியில்தான் 2014இன் விபத்து நிகழ்ந்தது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், புளூட்டோனியத்தை மீட்கும் வேலையில் எஞ்சிய நைட்ரேட் உப்புகள் 1980களில் பீப்பாய்களில் அடைக்கப்பட்டிருந்தன. அவற்றில் தேங்கிய திரவத்தை உறிஞ்சுவதற்கு, பூனைகளின் கழிவுத் தட்டில் இடும் மணல் போன்ற பொருளைச் சேர்ப்பது வழக்கம். அது கனிமப் பொருளாக, குறிப்பாக ஜியோலைட்டாக, இருக்க வேண்டும் என்பதே வேதியியலாளர்களின் பரிந்துரை. ஆனால் 2012இல் திருத்தப்பட்ட செயல்முறை ஏட்டில் கரிமப் பொருள் என்று எழுதப்பட்டுவிட்டது. அதன்படி கோதுமையால் ஆன பொருள் வாங்கிக் கலக்கப்பட்டது. நைட்ரேட் உப்பு ஆக்சிஜனேற்றி, தானியம் எரிபொருள், இரண்டையும் சேர்த்து அடைத்தால் அது மெதுவாகச் சூடேறும் வெடிமருந்துக்கு நிகர். 68660 என்ற எண்ணிட்ட பீப்பாய் 2013 டிசம்பரில் நிரப்பப்பட்டு, எல்லாச் சோதனைகளிலும் தேறி, ஜனவரி இறுதியில் உப்பறைக்குள் வைக்கப்பட்டு, பிப்ரவரி 14 இரவில் வெடித்துத் திறந்தது. அமெரிசியமும் புளூட்டோனியமும் காற்றில் கலந்தன. பணியாளர் இருபது பேருக்கும் மேல் சிறிய அளவில் அவை உடலுக்குள் சென்றதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நிலையத்தில் கழிவு எதுவும் வைக்கப்படவில்லை.

இந்த விபத்தை ஓர் எழுத்துப் பிழையாகச் சுருக்கிவிடுவது தொழிலாளர்களுக்குச் செய்யும் அநீதி. அமெரிக்க எரிசக்தித் துறையின் விசாரணைக் குழு 2015இல் வெளியிட்ட அறிக்கை, கழிவைக் கலக்கும்போது நுரை பொங்கியதையும் புகை எழுந்ததையும் பணியாளர்கள் கண்டு தெரிவித்ததாகவும், நுரை அடங்கும்வரை காத்திருந்துவிட்டு வேலையைத் தொடருமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டதாகவும் கூறுகிறது. கையால் கலந்தவர் பார்த்த புகை, எல்லாக் கருவிகளையும்விடச் சரியான தன்மையறிதல். அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று கேட்டால் விடை நாள்காட்டியில் இருக்கிறது. 2011இல் மூண்ட காட்டுத் தீ ஆய்வகத்தின் கழிவுக் களத்தை அச்சுறுத்தியதை அடுத்து, தரைக்கு மேலே இருந்த 3,706 கனமீட்டர் கழிவை 2014 ஜூன் 30க்குள் அகற்றுவதாக நியூ மெக்சிகோ மாநில அரசோடு உடன்பாடு ஏற்பட்டது. அச்சம் நியாயமானது, கெடுவும் நியாயமானதாகவே தொடங்கியது. ஆனால் ஆய்வகத்தை நடத்தியது ஓர் ஒப்பந்த நிறுவனம். பீப்பாய்களை மறுபடி நிரப்பியது அதன்கீழ் மற்றொரு துணை ஒப்பந்த நிறுவனம். இத்தகைய ஒப்பந்தச் சங்கிலியில் கட்டணமும் பாராட்டும் அனுப்பப்பட்ட கன அளவைப் பார்த்தே வருகின்றன. நிறுத்தி வைக்கப்பட்ட பீப்பாய்க்கு எவரும் ஊதியம் தருவதில்லை. ஐயம் எழுப்பும் தொழிலாளி அங்கே காலதாமதமாகக் கருதப்படுகிறார்; ஐயத்தை விழுங்கிக்கொள்பவர் திறமையாளராகக் கருதப்படுகிறார். இது ஒரு நிறுவனத்தின் குணக்கேடு அன்று. எண்ணிக்கைக்கு விலை வைத்து, உண்மைக்கு விலை வைக்காத எந்த ஏற்பாடும் இதே இடத்தில்தான் வந்து நிற்கும். பிற்பாடு ஆய்வகத்தை நடத்திய நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டுக் கட்டணத்தில் சுமார் 5.7 கோடி டாலர் குறைக்கப்பட்டது. மாநில அரசோடு மைய அரசு சுமார் 7.4 கோடி டாலர் மதிப்பில் உடன்பாடு செய்துகொண்டது. புகையைக் கண்ட அன்று ஒரு நாள் வேலையை நிறுத்தியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவை இந்தத் தொகைகளின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

2017 ஜனவரியில் நிலையத்தின் உப்பறைகளில் மீண்டும் கழிவு வைக்கப்படத் தொடங்கியபோது விதிகள் இறுகியிருந்தன. ஒவ்வொரு வகைக் கழிவுக்கும் அதில் கலந்துள்ள பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரியுமா என்ற வேதிப் பொருத்த ஆய்வு தனியாகக் கோரப்பட்டது. தாள்களை மட்டும் நம்பாமல், கழிவைக் கையாண்டவர்களிடமே கேட்டறிவதும் வலியுறுத்தப்பட்டது. கோதுமை கலந்து லாஸ் அலமோஸிலேயே தங்கிவிட்ட அறுபது அளவிலான பீப்பாய்கள் குளிரூட்டப்பட்டு, வெப்பநிலை கண்காணிக்கப்பட்டு, அதே 2017இல் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு, முதலிலேயே சேர்த்திருக்க வேண்டிய ஜியோலைட்டோடு கலக்கப்பட்டன. விபத்துக்குப் பின் விப் மூடியிருந்ததால் டெக்சாஸ் மாநிலத்தின் ஆண்ட்ரூஸ் பகுதியிலுள்ள தனியார் வளாகத்துக்கு அனுப்பப்பட்ட, இதே வகையைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பீப்பாய்கள், போவதற்கும் திரும்புவதற்கும் வழியின்றிப் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தன.