புதிய அடுப்பும் பழைய குறிப்பேடும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஐயம்பேட்டையைத் தறியோசையால் அறிந்தவர் பலர். அவ்வூரின் அடுப்படிகளைப் பற்றி நாம் எழுதப் புகுந்தது வாசக அன்பர்களுக்கு வியப்பளிக்கலாம். இல்லம் சந்திக்க வரும் குருவானவரைத் திண்ணையோடு அனுப்பிவைக்கும் வழக்கம் நெசவாளர் குடும்பங்களில் இல்லை. முன்கட்டில் குழித்தறி, பாவு நூலில் கை படாமல் ஒதுங்கி நடந்தால் பின்கட்டில் அடுப்படி, அங்கேதான் உட்காரச் சொல்வார்கள். அவ்வாறு உட்கார்ந்த சில வீடுகளில், அம்மிக்கும் கிரைண்டருக்கும் நடுவே புதிய விருந்தாளி ஒன்றை அண்மைக் காலத்தில் கண்டோம். கரிய நிறம், முட்டை போன்ற வடிவம், இழுத்தால் வெளிவரும் ஒரு கூடை. சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பிய ஏர் ஃப்ரையர்.

இதன் பெயரே முதலில் நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. ஃப்ரை என்றவுடன் நாம் எண்ணெய்ச் சட்டியை நினைக்கிறோம். உண்மையில் இது பொரிப்பதே இல்லை. மேற்புறம் ஒரு மின்சுருள், அதனருகில் ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை. சூடான காற்றை அடக்கமான இடத்தில் வேகமாகச் சுழலவிடும் சிறிய ஓவன் என்பதே இதற்குரிய சரியான விளக்கம். ஹாலந்து நாட்டைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வெய் என்பவர் உருவாக்கிய முறையை ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010ஆம் ஆண்டு பெர்லின் நகரப் பொருட்காட்சியில் அறிமுகம் செய்தது. விசிறி வைத்த பெரிய ஓவன்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தன. எனவே கருத்து புதிதன்று, அளவுதான் புதிது. அந்த அளவில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

ஐயம்பேட்டையில் நாம் அறிந்த ஓர் அம்மையாரின் அனுபவத்தைச் சொன்னால் இது விளங்கும். இளமையில் ஒரு கன்னியர் இல்லத்தின் சமையலறையில் உதவியாளராக இருந்தவர். அங்கிருந்த வயது முதிர்ந்த அருட்சகோதரி ஒருவர் கேக், பன், பிஸ்கட் ஆகியவற்றைச் செய்யக் கற்றுக்கொடுத்து, தம் கையாலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதியும் தந்தாராம். மணமாகித் தறி வீட்டுக்கு வந்தபின் அந்தக் குறிப்பேடு முப்பதாண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது. ஓவனுக்கு எங்கே போவது? இப்போது கணவருக்குத் தோள்வலி; முன்போல் நாள் முழுதும் தறியில் உட்கார இயலவில்லை. இளைய மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய நிலை. மூத்த மகன் ஏர் ஃப்ரையரை வாங்கிக் கொடுக்க, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எட்டு வீடுகளில் கேக் தருவதாகச் சொல்லி முன்பணமும் வாங்கிவிட்டார்.

குறிப்பேட்டில் 350 பாகை, 45 நிமிடம் என்று இருந்தது. இயந்திரத்திலோ 200க்கு மேல் எண்ணே கிடையாது. 350 என்பது ஃபாரன்ஹீட் கணக்கு என்று மகள் கண்டுபிடித்தாள். முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தால் ஏறத்தாழ 177 செல்சியஸ். 175இல் வைத்தார்கள். கூடைக்குள் எவ்வளவு பெரிய பாத்திரம் நுழையுமோ அவ்வளவு பெரியதாகப் பார்த்து, முக்கால் பங்கு மாவை ஊற்றினார்கள். இருபது நிமிடத்தில் மேற்பரப்பு கரிந்தது. நாற்பத்தைந்தாம் நிமிடத்தில் குச்சியை விட்டுப் பார்த்தால் நடுவில் கூழ். மறுநாளும் அதே கதை. வெண்ணெயும் முட்டையும் முந்திரியும் விற்கிற விலையில் இரண்டு கேக்குகள் வீணாவது தறி வீட்டில் சிறிய இழப்பன்று. நாம் சென்றபோது இயந்திரம் அட்டைப்பெட்டிக்குள் திரும்பியிருந்தது.

"திருப்பிக் குடுத்துடச் சொல்லிட்டேன் சாமி. முன்பணத்தையும் குடுத்துடணும். சிஸ்டர் எழுதினதுல தப்பு இருக்காது. இந்தப் பெட்டிதான் சரியில்ல" என்றார்.

சிஸ்டர் எழுதியதில் தவறில்லைதான். பெட்டியிலும் தவறில்லை.

அப்போது தறிக்குழியிலிருந்து கணவரின் குரல் வந்தது. "240 கொக்கிக்குப் போட்ட டிசைன, 120 கொக்கிப் பெட்டியில அப்படியே ஏத்தினா மயில் வருமா? கட்டத்தாள்ல திரும்ப எழுதணும். அட்டை புதுசா அடிக்கணும். மயில் மயிலாத்தான் இருக்கணும், கட்டம் மாறும்."

ஜக்கார்டு பெட்டியில் கொக்கிகள் குறைந்தால் ஒரே உருவத்தைக் குறைந்த கட்டங்களில் வரைந்தாகவேண்டும் என்பது பட்டு நெசவாளர் எல்லாருக்கும் தெரியும். எந்தக் கோட்டை விட்டால் மயில் கோழியாகிவிடும், எந்தக் கோட்டை விட்டாலும் பாதகமில்லை என்று பார்த்துப் பார்த்து எழுதுவார்கள். குருமடத்தில் எமக்குத் திருச்சபைச் சட்டம் கற்பித்த பேராசிரியர் ஒருவர், எந்த விதியைப் படித்தாலும் "இது எதற்காக?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த விதிக்குப் போவார். அவ்விருவரும் சொன்னது ஒன்றே என்று அன்று பின்கட்டில் உட்கார்ந்திருந்தபோது நமக்குத் தோன்றியது. குறிப்பேட்டின் ஒவ்வோர் எண்ணையும் எதற்காக என்று கேட்கலாமே!

நூற்றெழுபத்தேழு பாகை எதற்காக? மாவின் மேற்பரப்பிலுள்ள ஈரம் போய், அது பொன்னிறமாகும் நேரமும், நடுப்பகுதி வெந்து உறையும் நேரமும் ஒன்றாகச் சேரவேண்டும், அதற்காக. விசிறியில்லாத பெரிய ஓவனில் காற்று மெதுவாகவே அசையும். மாவின் மேல் ஈரக்காற்று ஒரு மெல்லிய போர்வைபோல் படிந்து நின்று, வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடும். ஏர் ஃப்ரையரின் விசிறி அந்தப் போர்வையை ஓயாது உரித்துக்கொண்டே இருக்கிறது. காற்றடிக்கும் நாளில் வேட்டி விரைவில் உலர்வதில்லையா? அதுபோலத்தான். ஆகவே மேற்பரப்பு முந்திக்கொள்கிறது. ஆனால் உட்புறத்துக்கு விசிறியின் தயவு கிடையாது. வெப்பம் மாவின் வழியே தன் நடையில்தான் செல்லும். மேல்புறத்தின் அவசரத்தைக் குறைக்க வேண்டுமானால் பாகையைக் குறைப்பதே வழி. செல்சியஸ் கணக்கில் 15 முதல் 20 வரை குறைப்பது நல்ல தொடக்கம். 177 என்பது 155 அல்லது 160 ஆகும்.

நேரத்தைப் பற்றிக் காஞ்சிபுரத்தாருக்குப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியைக் கேள்விப்படாதவர் யார்? மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த மாவை, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைப்பர். அதே மாவை வீட்டில் டம்ளரில் ஊற்றினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடுகிறது. மாவும் ஆவியும் ஒன்றே, பருமன்தான் வேறு. ஒரே வடிவமுள்ள பண்டத்தின் பருமன் இரட்டித்தால், நடுப்பகுதிக்குச் சூடு எட்டும் நேரம் இரட்டிப்பதில்லை, ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. குடலையை டம்ளராக்கிய நம் பாட்டிமார் இந்தக் கணக்கை ஏட்டில் படிக்கவில்லை. ஆயினும் யாரும் டம்ளர் இட்லியை மூன்று மணி நேரம் வேகவிட்டதில்லை.

அம்மையாரின் பெரிய பாத்திரம் இங்கேதான் காலை வாரியது. காற்று சுற்றிவர இடமில்லை. மாவும் மிக ஆழம். பதினைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய அலுமினிய டின் போதும் என்று முடிவாயிற்று. டின்னுக்கும் கூடைச் சுவருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை இடைவெளி. மாவு டின்னில் பாதிக்குமேல் வேண்டாம். ஐந்து நிமிடம் வெறுங்கூடையைச் சூடாக்கினாலே போதும், ஓவனுக்குப்போல் கால்மணி நேரம் தேவையில்லை. வெப்பச்சுருள் மேலே இருப்பதால் கேக்கின் அடிப்பாகம் வெளுத்துப்போகும். தடித்த கண்ணாடிப் பாத்திரத்தில் இக்குறை இன்னும் மிகும். டின்னை நேராகத் தரையில் வைக்காமல் கூடையின் துளைத்தட்டின்மேல் வைத்தால் காற்று அடியிலும் புகும். முதற்பாதி நேரம் டின்னின் வாயை அலுமினியத் தாளால் மூடி, விளிம்புக்குக் கீழே நன்றாக மடித்து அழுத்திவிடவேண்டும். இந்த அழுத்தம் முக்கியம். தளர்ந்த தாளை விசிறி தூக்கிச் சுருளில் ஒட்டவைத்துவிடும். வெண்ணெய்த்தாளை வெறும் கூடையில் விரித்துச் சூடாக்குவதும் இதனாலேயே ஆபத்தானது, தாள் பற்றிக்கொள்ளும். முந்திரியை முதலிலேயே மேலே தூவினால் கரியும். தாளை எடுக்கும்போது தூவலாம்.

எப்போது வெந்தது என்பதற்குக் கடிகாரம் சாட்சியாகாது. இருபத்தைந்தாம் நிமிடத்திலிருந்து ஈர்க்குச்சியே சாட்சி. மாவு ஒட்டாமல் வரவேண்டும்.

மற்றொன்று நாமும் எதிர்பாராதது. கன்னியர் இல்லத்து ஓவனில் நான்கு தட்டுகளை ஒருங்கே அடுக்கலாம். இதில் ஒருமுறைக்கு ஒன்றுதான். எட்டு கேக்குக்கும் மாவை ஒன்றாகக் கலக்கி வைத்தால், எட்டாவதன் முறை வருவதற்குள் நான்கைந்து மணி நேரம் கடந்துவிடும். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டவுடனேயே வேலையைத் தொடங்கிவிடுகிற பொருள். அதன் காற்றெல்லாம் சட்டியிலேயே போய்விட்டால் கேக் எழும்பாது. ஆகவே மைதாவையும் பவுடரையும் எட்டுப் பொட்டலமாக அளந்து கட்டி வைத்துக்கொண்டு, முந்தைய கேக் இறங்கும் வேளையில் அடுத்ததைக் கலப்பது என்று மகள் யோசனை சொன்னாள். ஊடை நூலை முன்னதாகவே தார் சுற்றி வைக்கும் வீட்டில் வளர்ந்த பெண் அல்லவா!

பழைய தறி வீடுகளின் மின்கம்பியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். இவ்வியந்திரங்களில் பல 1500 வாட் இழுப்பவை. 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர். தறி மேலுள்ள விளக்குக்காகப் போட்ட ஆறு ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகக்கூடும்; பட்டுப்பாவு விரித்த வீட்டில் தீப்பொறி என்ன செய்யும் என்று விவரிக்கத் தேவையில்லை. பதினாறு ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற தடித்த கம்பியும் வேண்டும். எலெக்ட்ரீஷியன் கூலியையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே எண்ணவேண்டும் என்பது நம் கருத்து. மின்செலவு அஞ்சத்தக்கதன்று; அரைமணி நேரத்துக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் போகாது. பின்புறத் துளை வழியே வரும் சூடான நெய்யாவி தறியின் பக்கம் வீசாதபடி இயந்திரத்தைத் திருப்பி வைத்தார்கள்; பாவில் கறை படிந்தால் புடவையே போயிற்று.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர் இருப்பர். நம் நாட்டில் கேக் என்றுமே மெனக்கெட்டுத்தான் வந்திருக்கிறது. 1883ஆம் ஆண்டு தலச்சேரியில் மர்டாக் பிரவுன் என்னும் தோட்டத்துரை இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த கேக்கைக் காட்டி அதுபோல் செய்யச் சொன்னபோது, மாம்பள்ளி பாப்பு என்பவர் உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே செய்து கொடுத்தார் என்பர். ஓவன் இல்லாத நம் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களிலும், கனத்த சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் பாத்திரத்தை இறக்கி, மூடியின் மேலும் தணல் கொட்டிச் சுட்டவர்கள் உண்டு. அந்த மணலடுப்பில் பாகையே கிடையாது. மூடியின் மேல் எத்தனை கரண்டித் தணல் என்பதுதான் கணக்கு.

பிற பண்டங்களுக்கு இத்தனை கவலை வேண்டா. பிஸ்கட், கட்லெட், கோழித்துண்டு போன்ற மெல்லிய பண்டங்களுக்குப் பாகையைக் குறைப்பதோடு நேரத்திலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி, நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும். பஜ்ஜி மட்டும் வேண்டவே வேண்டா. நீர்த்த கடலைமாவு துளை வழியே ஒழுகிவிடும். எண்ணெயே இல்லாமல் பஜ்ஜி என்று விளம்பரத்தில் சிரிக்கும் நங்கையைக் காணும்போதெல்லாம் அந்தக் கூடையைக் கழுவப்போவது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

அவ்வாண்டு மூன்றாவது கேக் 155 பாகையில் முப்பத்தெட்டு நிமிடத்தில் வெந்தது. அடிப்பாகம் சற்று வெளுப்புத்தான். சுவையில் குறையில்லை, நாமே சாட்சி. அருட்சகோதரியின் எழுத்தில் எதையும் அம்மையார் அடிக்கவில்லை. ஓரத்தில் நீல மையால் புதிய எண்களை எழுதி வைத்திருக்கிறார். எட்டு வீடுகளுக்கும் கேக் போயிற்று. விழாவுக்கு மறுநாள் திருமண நிச்சயதார்த்தத்துக்கென்று ஒருவர் வந்து இரண்டு கிலோவில் ஒரே கேக்காகக் கேட்டாராம்.

"இந்தக் கூடைக்கு அது ஆகாதுங்க. அரைக் கிலோவா நாலு தரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். வந்தவர் சற்று யோசித்து, சரி என்று சொல்லிப் பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.