டெலவேர் ஆற்றங்கரையில் ஒரு கைவேலை

பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் பெண்களுக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஷாட் என்று ஒரு மீன். வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே, நம் உல்லம் மீன், அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி முறை. ஆற்றில் பிறந்து, கடலில் சில வருஷம் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றையே தேடி வருகிறது.

தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக நியூ ஜெர்சி போயிருந்தபோது லாம்பர்ட்வில் என்ற சின்ன ஊரில் இதைப் பார்த்தேன். டெலவேர் ஆற்றங்கரை ஊர் அது. பாலத்தைத் தாண்டினால் நியூ ஹோப், பென்சில்வேனியா மாநிலம். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரின் குளிர் கொஞ்சம் விட்டதும் மீன் ஏறி வருகிறது. கரையெல்லாம் தூண்டில்காரர்கள்!

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆற்றில் ஏறும் ஷாட் அநேகமாக இரையே எடுப்பதில்லை. பிறகு தூண்டிலை ஏன் கவ்வுகிறது? எரிச்சலில் என்கிறார்கள் சிலர், பழைய பழக்கம் என்கிறார்கள் சிலர். அதனால் புழுவுக்கு வேலையில்லை. பளிச்சென்ற பொய்ப்பூச்சிதான் வேண்டும். பசியில்லாத குழந்தைக்குக் கலர் காட்டி வாயைத் திறக்க வைக்கிறோமே, அந்த மாதிரி.

அந்தப் பூச்சியைக் கட்டுவது நம் பூத்தொடுக்கும் வேலைபோல்தான். பக்கத்து வீட்டு அம்மாள் செய்து காட்டினார். தூண்டில் முள்ளை ஒரு சின்னப் பிடிகருவியில் மாட்டி, நூலைச் சுற்றிக்கொள்ள வேண்டும். முள்ளின் காதருகே இரண்டு உலோக மணிகளை எட்டுப் போட்டுக் கட்ட வேண்டும். மீன் அடித்தண்ணீரில் போவதால் பூச்சியும் அமிழ வேண்டும், அதற்குத்தான் இந்தக் கனம். வால் பக்கம் ஒரு கொத்து மெல்லிய இறகு. உடம்புக்கு வெள்ளி ஜரிகை. கழுத்தில் பஞ்சுபோன்ற கலர் நூல் இரண்டு சுற்று. முடிச்சுப் போட்டு, மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ்! எல்லாம் சேர்ந்து ஓர் அங்குலம்தான்.

நிறம் பார்ப்பதிலும் கணக்கு உண்டு. தண்ணீர் கலங்கியோ வானம் மூடியோ இருந்தால் ஆரஞ்சு, சிவப்பு, பளீர்ப் பச்சை. தெளிந்த தண்ணீரில் சின்னதாக, அடக்கமான நிறம். ஒன்றைக் கவ்வாவிட்டால் அடுத்ததை மாற்றிப் பார்ப்பார்கள். ஷாட்டின் வாய் ரொம்ப மென்மை, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். நிதானமாக விட்டுப் பிடிக்க வேண்டும். வயிறு நிறைய முட்டையோடு வந்த பெண் மீனைச் சிலர் திரும்பவும் ஆற்றிலேயே விட்டதைக் கண்டபோது மனசு நிறைந்தது.

ஆனால் இந்தத் தாய்வீட்டு வழி ஒரு காலத்தில் அடைபட்டுப் போயிருந்தது. 1940, 50களில் கீழ்ப்பகுதியில் பிலடெல்ஃபியா பக்கம் சாக்கடையும் ஆலைக்கழிவும் சேர்ந்து, தண்ணீரில் பிராணவாயுவே இல்லாமல் மீன்கள் மூச்சுமுட்டிச் செத்தன. கழிவைச் சுத்திகரிக்க ஆரம்பித்து, 1972இல் கடுமையான சட்டமும் வந்த பிறகுதான் அவை மறுபடி ஏறின. பழைய அளவுக்கு இன்னும் இல்லையாம்.

சகோதரிகளே, நம் வீட்டுக் கழிவுநீரும் ஏதோ ஓர் ஆற்றில்தான் போய்ச் சேருகிறது. எண்ணெயையும் பிளாஸ்டிக்கையும் அதில் கொட்டாமல் இருப்பது நம் கையில்தானே இருக்கிறது! பிள்ளைப்பேற்றுக்கு வருகிற பெண்ணுக்கு வாசலைப் பெருக்கி வைக்காத தாய்வீடு உண்டா?