ஆச்சியின் கட்டில்

டில்லிக்கு வந்து சேர்ந்த நாள் முதல் நான் படுத்துறங்குவது ஓர் இரும்புக் கட்டிலில். ஆறடி நீளம், மூன்றடி அகலம். புரண்டு படுத்தால் அது எழுப்பும் ஓசையில் பக்கத்து அறை நண்பரும் விழித்துக்கொள்வார். எனக்கு முன் அதில் யார் படுத்தார், எனக்குப் பின் யார் படுப்பார் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. விடுதிக் கட்டிலுக்கு வரலாறு கிடையாது. எண் மட்டுமே உண்டு. என் கட்டிலின் எண் 47.

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனபோது வேறொரு கட்டிலைப் பற்றி மூன்று நாள் பேசவேண்டி வந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் பூர்வீக வீட்டை விற்க ஏற்பாடாகிவிட்டது. ஆச்சி மறைந்தபின் அங்கே விளக்கேற்ற ஆளில்லை. அப்பா மதுரையில், சித்தப்பா பெங்களூரில், அத்தை தென்காசியில். தை பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பாத்திரம் பண்டங்கள் எளிதில் பங்காகிவிட்டன. அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் எங்கு வேண்டுமானாலும் இடம் கிடைத்துவிடும். தொல்லை கொடுத்தவை படுக்கையறைச் சாமான்கள் இரண்டு: தேக்குக் கட்டில் ஒன்று, கண்ணாடி பதித்த அலமாரி ஒன்று.

கட்டிலின் பிறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆச்சியின் தந்தையார், அதாவது எனக்குப் பூட்டனார், ரங்கூனில் கணக்கு எழுதி வந்தவர். ஊரில் வீடு கட்டும் ஆசையால் போருக்கு முன்பே பர்மாத் தேக்குப் பலகைகளைக் கப்பலில் அனுப்பி வைத்திருந்தார். 1942-ஆம் ஆண்டு ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது சுமார் ஐந்து இலட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டு ஓடிவந்தனர். பெரும்பாலோர் காட்டு வழியிலும் மலை வழியிலும் நடந்தே வந்தவர்கள். பூட்டனாரும் அவர்களுள் ஒருவர். அவருடைய ரங்கூன் சம்பாத்தியத்தில் ஊர் வந்து சேர்ந்தவை அந்தப் பலகைகளும் அவருடைய இரண்டு கால்களுந்தாம் என்று ஆச்சி சொல்லிச் சிரிப்பாள். வீடு கட்டியது போக மிஞ்சிய பலகையில் 1957-ஆம் ஆண்டு மகளின் கல்யாணத்திற்குச் சீராக இந்தக் கட்டிலையும் அலமாரியையும் செய்வித்தார்.

கட்டில் என்றால் சாதாரணக் கட்டில் அல்ல. ஆறேகால் அடி நீளம், நாலேமுக்கால் அடி அகலம். கொசுவலை கட்ட நான்கு மூலையிலும் தூண்கள். கடைசல் பிடித்த கால்கள், அவற்றின் அடியில் பித்தளைப் பூண். சட்டத்தில் ஆணி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மற்றொன்றின் துளையில் இறக்கி ஆப்பு அடித்திருந்தார்கள். தேக்கு மரத்தில் இயற்கையாகவே ஒருவகை எண்ணெய் இருப்பதால் கரையான் எளிதில் அண்டாது. வீட்டு உத்தரத்தில் ஒன்றைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. அதன் அடியிலேயே கிடந்த கட்டில் அப்படியே இருந்தது. மூட்டைப்பூச்சிக்கு மட்டும் தேக்கென்றும் வேம்பென்றும் பேதம் இல்லை. அதற்காகக் கோடைதோறும் இடுக்குகளில் மண்ணெண்ணெய் ஊற்றுவது சிறு வயதில் என் வேலை.

இத்தனை பெருமையிலும் ஒரு குறை உண்டு. அந்தக் காலத்து வழக்கப்படி கட்டிலின் உயரம் தரையிலிருந்து இரண்டரை அடி. மெத்தையும் போட்டால் ஏறிப் படுக்க ஒரு முக்காலி வேண்டும்.

விவாதம் தொடங்கியது. சித்தப்பா நடைமுறை தெரிந்தவர்.

"அண்ணே, எங்க வீடு மூணாவது மாடி. பிரிச்சுக் கொண்டு போனாலும் அறைக்குள்ள இதைப் போட்டுட்டா மனுஷன் நடக்க இடம் இருக்காது. பேசாம வித்துருவோம்."

அவருடைய மகள் கைப்பேசியில் சில படங்களைக் காட்டினாள். பழங்கட்டில்களை அறுத்துச் சாப்பாட்டு மேசையாகவும் ஊஞ்சலாகவும் ஆக்கியிருந்தார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தாத்தா படுத்த கட்டில்ல இலை போட்டுச் சாப்பிடணுமாக்கும்!"

"அப்போ நீங்களே கொண்டு போங்க" என்றார் சித்தப்பா.

அப்பா இருப்பது வாடகை வீடு. ஆகவே அவர் என்னைப் பார்த்தார். "இவன் கல்யாணத்துக்கு வச்சிருப்போம்" என்றார். கட்டில் எண் 47-க்கு உரியவன் என்ன சொல்ல முடியும்? விழித்தேன்.

மறுநாள் காரைக்குடியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். அவ்வூரில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் நிறைய உண்டு என்பதை அந்தப் பக்கத்து நண்பர்கள் அறிவார்கள். மனிதர் கட்டிலைத் தொடுவதற்கு முன் கீழே படுத்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு விரலால் தட்டினார். நாடாவால் அளந்து கன அடிக் கணக்குப் போட்டார். ஒரு கன அடித் தேக்கு ஏறத்தாழப் பதினெட்டுக் கிலோ எடை இருக்கும். எங்கள் கட்டிலில் ஒன்பது கன அடிக்குக் குறையாது என்றார். 2014-ஆம் ஆண்டு மியன்மர் நாடு வெட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியது முதல் இத்தகைய பழைய மரத்துக்கு மதிப்புக் கூடிவிட்டதாம். கட்டிலுக்கு அறுபதாயிரம், அலமாரிக்கு இருபத்தையாயிரம் என்று விலை சொன்னார். புறப்படும்போது ஓர் எச்சரிக்கையும் செய்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. காலுல மட்டும் கை வச்சுடாதீங்க. கால் அறுத்த கட்டிலுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது."

அன்று இரவு பேச்சு பணத்தின் பக்கம் திரும்பியது. விற்றால் அண்ணன் தம்பிக்குச் சரிபாதியா, அல்லது மூத்தவருக்கு முதல் உரிமையா என்ற ஐயம் பிறந்தது. "ஏல, நீதான் சட்டம் படிக்கியே, சொல்லு" என்றார் சித்தப்பா. படித்ததைக் காட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் மாணவன் விடுவானா? நிமிர்ந்து உட்கார்ந்து தொடங்கினேன்.

"இது தாத்தா சொத்தே இல்லை. கல்யாணத்தில் ஆச்சிக்கு அவள் அப்பா கொடுத்த சீர். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி இதற்கு முழு உரிமையாளர் ஆச்சிதான். சீதனம் புகுந்த வீட்டுக்குச் சொந்தமாகாது, பெண்ணுக்கே சொந்தம் என்று 1985-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆச்சி உயில் எழுதவில்லை. தாத்தா முன்பே போய்விட்டார். ஆகவே 15-ஆவது பிரிவுப்படி ஆச்சியின் பிள்ளைகளுக்குச் சமபங்கு. மகன், மகள் என்ற வேற்றுமை கிடையாது. இரண்டு பங்கு அல்ல, மூன்று பங்கு."

தேர்வில் இப்படி விடை எழுதியிருந்தால் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். கூடத்தில் கிடைத்தது மௌனம். மூன்றாவது பங்குக்குரியவள் அப்போது அடுக்களையில் எங்களுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பேச்சில் அத்தையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டம் பேசிய நானும் கேட்கவில்லை.

அப்பா அவளைக் கூப்பிட்டார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். இரண்டு ஆண்டுகளாக அவளுக்கு மூட்டு வலி. தரையில் படுக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"பங்கெல்லாம் எனக்கு வேண்டாம் அண்ணே. கட்டில எனக்குத் தாங்க. நான் அதுல படுக்கணும். ஆனா ஏற முடியல. காலை அறுத்துக் குறைச்சுத் தாங்க."

"அறுக்கவா?" என்றார் அப்பா. "தாத்தா கட்டிலையா?"

அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்.

"அம்மாவும் இதைத்தான் கேட்டா அண்ணே. நீங்க அவளுக்கும் இதே பதிலைத்தான் சொன்னீங்க."

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஆச்சி தன் வாழ்நாளில் அந்தக் கட்டிலில் படுத்தது மிகச் சில நாளே. அது தாத்தாவின் கட்டிலாகவே இருந்தது. அதன் பக்கத்தில் தரையில் பத்தமடைப் பாயை விரித்து ஆச்சி படுப்பாள். மூன்று பிள்ளைப்பேற்றின்போதும் கட்டிலுக்கு ஏறினாள். உடம்பு தேறியதும் பாய்க்கு இறங்கிவிட்டாள். தாத்தா மறைந்தபின் கட்டிலில் மெத்தைகளையும் புளிப் பானைகளையும் அடுக்கினோம். ஆச்சி பாயிலேயே கிடந்தாள். எண்பத்து நான்கு வயதில் தரையிலிருந்து எழ முடியாமல் போனபோதுதான் கேட்டாள்: "அந்தக் கட்டில் காலக் கொஞ்சம் குறைச்சுப் போடேன்." அப்பா, தாத்தா கட்டிலை அறுப்பதாவது என்றார். ஆச்சி மறுபேச்சுப் பேசவில்லை. மருத்துவச் சாமான் கடையிலிருந்து ஓர் இரும்புக் கட்டிலை வாடகைக்கு எடுத்தோம். அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான்தான். தன்னுடைய தேக்குக் கட்டில் அடுத்த அறையில் இருக்க, ஆச்சி வாடகைக் கட்டிலில் இரண்டு ஆண்டு படுத்திருந்து உயிர் விட்டாள். அப்போதும் நான் சட்டம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். 14-ஆவது பிரிவு எனக்கு அப்போதும் மனப்பாடம். கட்டிலின் உரிமையாளரே கால்களைக் குறைக்கச் சொல்கிறார் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்தபோது அப்பாவைக் காணோம். ஏழு மணிக்குத் தச்சரை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தச்சர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நல்ல வேலை அய்யா இது. அறுக்க மனசு வரல" என்றார். "நாலு பக்கமும் பத்து அங்குலம். கோணாம அறும்" என்றார் அப்பா. பித்தளைப் பூண்களைக் கழற்றி, அறுத்தபின் மீண்டும் பூட்டுவதென்று முடிவாயிற்று. இரம்பம் ஓடும்போது கால் ஆடாமல் அப்பாவே பிடித்துக்கொண்டார். அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட மரம். அறுத்தவுடன் புதுத்தேக்கின் வாசனை வீடெங்கும் பரவியது. நான்காவது கால் அறுபட்டபோது அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மரத்தூள் பறந்ததுதான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

நிமிர்த்தி வைத்த கட்டிலில் அத்தை உட்கார்ந்து பார்த்தாள். முக்காலி வேண்டியிருக்கவில்லை. பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்தன. "இப்போ சரியா இருக்கு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அலமாரியைச் சித்தப்பாவின் விருப்பப்படி வியாபாரிக்கே கொடுத்துவிட்டோம். அதன் கண்ணாடியில் ரசம் போய்ப் பல ஆண்டுகள் ஆயின. அதில் முகம் பார்க்க யாரும் இல்லை. அந்துருண்டை வாசனையை மட்டும் அவருக்கு இலவசமாகக் கொடுத்தோம். வந்த பணத்தை மூன்றாகப் பகிர்ந்தோம். இம்முறை அத்தை தன் பங்கை மறுக்கவில்லை. கடையில் விற்கும் மெத்தை எதுவும் அந்தக் கட்டிலின் அளவுக்குப் பொருந்தாதாகையால், இலவம் பஞ்சு வாங்கிப் புதிய மெத்தை தைக்கக் கொடுத்தாள்.

திரும்பி வரும் வழியில், இரயிலில், புறநானூற்றில் 50-ஆம் பாட்டின் கதை என் நினைவில் வந்துகொண்டே இருந்தது. முரசை நீராட்டக் கொண்டு போயிருந்த வேளையில், அது அமரும் கட்டில் என்று அறியாமல் மோசிகீரனார் அதன்மேல் ஏறி உறங்கிவிட்டார். முரசு கட்டில் வழிபாட்டுக்குரியது. அதில் மனிதன் படுப்பது வாளுக்கு இரையாகவேண்டிய குற்றம். அங்கு வந்த சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை எடுக்கவில்லை. களைத்துக் கிடந்த புலவருக்குக் கவரி எடுத்து வீசினான். பள்ளியில் அதைப் படித்தபோது புலவரின் பெருமையைச் சொல்லும் கதை என்றே எண்ணியிருந்தேன். கட்டில் எவ்வளவு உயர்ந்ததாயினும் உறக்கம் வேண்டியவரைவிட உயர்ந்ததன்று என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது. சேரனுக்கு அது ஒரு நொடியில் தெரிந்தது. எங்களுக்கோ ஆச்சி போனபிறகு தெரிந்தது.

நண்பர்களே, உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு கட்டிலோ பத்தாயமோ பெட்டியோ இருக்கும். அதை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சு என்றேனும் எழும். விலை கேட்க வியாபாரி இருக்கிறார். உரிமை கேட்கச் சட்டம் இருக்கிறது. அவற்றுக்கு முன்னால் அடுக்களைப் பக்கம் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதுவும் அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அறுபட்ட துண்டுகளில் ஒன்றை நான் டில்லிக்குக் கொண்டு வந்திருக்கிறேன். கட்டில் எண் 47-க்கு அருகே, மேசைமேல், வாரிசுரிமைச் சட்டப் புத்தகத்தின்மீது அது இருக்கிறது. காற்றில் தாள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.