அப்பாவின் உள்பை

ஏப்ரல் 28, 2025, திங்கள். குவாங்சோ

கோவையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து இங்கே. அறையில் பெட்டியை வைத்ததும் அப்பாவுக்குப் பசி. பக்கத்துச் சந்தில் அவித்த சோளமும் சோயாப் பாலும் விற்கிற சின்னக் கடை. இரண்டு பேருக்கும் சேர்த்து 14 யுவான். நான் போனை எடுப்பதற்குள் அப்பா சட்டையின் உள்பையிலிருந்து சிவப்பு நூறு யுவான் நோட்டை எடுத்து நீட்டிவிட்டார்.

கடைப் பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேசை டிராயரை இழுத்துக் காட்டினாள். உள்ளே ரப்பர் பேண்டும் ஒரு சாவியும்தான் கிடந்தன. பிறகு நோட்டோடு பக்கத்துக் கடைக்கு ஓடினாள். அங்கே இல்லை, அதற்கடுத்த கடைக்கு ஓடினாள். ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சீன மத்திய வங்கியின் விதியே இருக்கிறது. அவள் மறுக்கவில்லை, தெருவில் சில்லறைதான் இல்லை. பின்னால் நாலு பேர் நின்றுவிட்டார்கள். நான் அலிபேயைத் திறந்து, சுவரில் ஒட்டியிருந்த நீலக் கட்டத்தை ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டேன். அவள் திருப்பித் தந்த நோட்டை அப்பா நாலாக மடித்து உள்ளே வைத்தார். அறைக்கு வரும்வரை பேசவில்லை.

யாரோடு எங்கே சாப்பிட்டாலும் பில்லை முதலில் எடுக்கிற கை அது. எழுபத்திரண்டு வயது வரைக்கும் அப்படித்தான். 2007இல் ஜிப்பும் பட்டனும் வாங்க இதே ஊருக்கு வந்தபோது இடுப்புப் பையில் நோட்டுக் கட்டோடுதான் சுற்றினாராம். கடைக்குக் கடை நோட்டு எண்ணுகிற மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்குமாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

“நம்ம ஜிபே இங்க ஆகாதா அம்மிணி?” என்று காலையிலேயே கேட்டார். ஆகாது. இலங்கை, மொரீஷியஸ், நேபாளம், பூடான் என்று யுபிஐ எட்டிப் போயிருக்கிறது, சீனாவுக்கு வரவில்லை. இங்கே அலிபே, வீசாட் பே இரண்டும்தான் எல்லாம். நம் விசா, மாஸ்டர் கார்டை அவற்றில் இணைத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். 200 யுவானுக்குள் கட்டணம் கிடையாது; அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள். நம்மூர் வங்கி பிடிக்கிற அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி.

அப்பாவின் போனிலும் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஓட்டல் வைஃபையில் ப்ளே ஸ்டோர் திறக்காது, கூகுளுக்கு இங்கே தடை. என் ரோமிங் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டில் கொடுத்ததும் அலிபே இறங்கியது. பதிவுக்கு ஓடிபி வர வேண்டும். வரவில்லை. அப்பா நம்பருக்கு ரோமிங் போடவே இல்லை. அவருடைய டெபிட் கார்டும் வெளிநாட்டுக்குத் திறக்கப்படாமல் இருந்தது. 2020 மார்ச் 16 முதல் ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு அது. புது கார்டு உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும், வெளிநாட்டுக்கு வேண்டுமென்றால் நாமேதான் திறக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, எத்தனையோ பேரின் பணத்தைத் திருட்டிலிருந்து காப்பாற்றியிருக்கும். ஆனால் அதைத் திறக்கவும் ஓடிபிதான் வர வேண்டும்.

தம்பிக்குப் போன் செய்து, அப்பா நம்பருக்கு ரோமிங் பேக் போடச் சொன்னேன்.

ஏப்ரல் 30, புதன்

சோங்டா துணிச் சந்தை. நாளை மே தின விடுமுறை, அதனால் வரவேண்டியது இன்றைக்கே. மூன்றாம் மாடியில் ஒரு ஜிப் கடை. 5ஆம் நம்பர் மெட்டல் ஜிப்பை அப்பா கையில் வாங்கி, ரன்னரைப் பத்து முறை மேலும் கீழும் ஓட்டினார். பிறகு காதருகே வைத்து ஓட்டினார். பல் சரியாக உட்காராத ஜிப் சத்தத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்பார். இது நன்றாக இருந்தது. சாம்பிள் எல்லாம் சேர்த்து 180 யுவான்.

கடைக்கார அம்மா தன் போனில் இருந்த க்யூஆர் கோடைக் காட்டினார். ஸ்கேன் செய்தேன், பணம் போகவில்லை. இன்னொரு முறை, போகவில்லை. அது கடைக் கணக்கு இல்லை, அவருடைய சொந்தக் கணக்கு. வெளிநாட்டு கார்டை இணைத்திருப்பவர்கள் தனி ஆளுக்குப் பணம் அனுப்ப முடியாது. வியாபாரக் கணக்கு என்றால் மட்டும் போகும். அவருக்கு அதை விளக்க எனக்குச் சீன மொழி தெரியாது, மொழிபெயர்ப்பு ஆப் சொன்னதும் அவருக்குப் பிடிபடவில்லை.

அப்பா இரண்டு சிவப்பு நோட்டை எடுத்து கால்குலேட்டர் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மா சிரித்துவிட்டார். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் தடவினார். மீதி 20 இல்லை. அப்பா ஸ்னாப் பட்டன் டப்பாவைக் கைகாட்டினார். அவர் ஒரு பிடி அள்ளினார். அப்பா இன்னும் கொஞ்சம் என்று விரலை மடக்கிக் காட்டினார். இன்னொரு பிடி வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் வியாபாரம் முடிந்தது. இரண்டு நாளில் அப்பா முகம் தெளிந்தது அப்போதுதான்.

மே 1, வியாழன்

காலை ஆறரைக்கு அப்பா போனில் எஸ்எம்எஸ் வரிசையாக விழுந்தது. பதிவு ஆயிற்று, கார்டு திறந்தது, பாஸ்போர்ட் படமும் ஏறியது. முகத்தைக் காட்டச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி.

அதே சோளக் கடை. அப்பாவே ஸ்கேன் செய்து 14 என்று அடித்தார். கடைக்குள்ளிருந்த பெட்டி சீன மொழியில் தொகையைச் சொன்னது. திருப்பூர் பேக்கரியில் தமிழில் சொல்கிற அதே மாதிரிப் பெட்டி. மொழி புரியாவிட்டாலும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். “உனக்கு இன்னொரு சோளம் வேணுமா கண்ணு?” என்றார். வயிறு நிறைந்திருந்தும் வேணும்ப்பா என்றேன்.

மே 2, வெள்ளி

நேற்று மதியம் முதல் பாஜோவில் கேன்டன் கண்காட்சியில்தான் இருக்கிறோம், ஜவுளிக்கான மூன்றாம் கட்டம். 1957 முதல் நடக்கிற சந்தை, உலகமே வருகிறது. வெளிநாட்டார் கார்டை இந்த ஆப்கள் தாராளமாக ஏற்க ஆரம்பித்தது 2023இல்தான். அடுத்த ஆண்டில் ஒரு தடவைக்கான வரம்பை 1,000 டாலரிலிருந்து 5,000 டாலருக்கு உயர்த்தினார்கள். அதற்கு முன்னால் வந்தவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

நம் ஊரும் நினைவுக்கு வந்தது. போன வருஷம் எங்கள் கம்பெனிக்கு வந்த வெளிநாட்டு பையர் ஒருவர், அவிநாசி ரோடு டீக்கடையில் 500 ரூபாய் நோட்டோடு நின்றார். கடைக்காரர் சில்லறை இல்லை என்று க்யூஆர் அட்டையைக் காட்டினார். ஜி-20 நாட்டுப் பயணிகளுக்கு யுபிஐயைத் திறக்கிறோம் என்று 2023இல் அறிவித்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. டீக்கு நான் கொடுத்தேன். அவர் மூன்று முறை நன்றி சொன்னார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்பா நோட்டை மடித்து வைத்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இனி யார் வந்தாலும் முதல் நாளே உட்காரவைத்து, போனில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஃபேக்டரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

மே 3, சனி

இரவு மெட்ரோவில் என் போன் சார்ஜ் நாலு சதவீதம். ஆப்பில்தான் டிக்கெட், அதைக் காட்டினால்தான் வெளியே போகவும் கதவு திறக்கும். ஸ்டேஷன் வரும்வரை திரையை அணைத்து, போனைக் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே வந்தார்.

அறைக்கு வந்ததும் உள்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கட்டிலில் பரப்பினார். கோவையில் மாற்றிய 2,000 யுவானில் 1,800 அப்படியே இருந்தது. எண்ணி இரண்டாகப் பிரித்தார். ஆளுக்கு ஒன்பது நோட்டு. என் பங்கை என் பாஸ்போர்ட் உறைக்குள் அவரே செருகினார்.

“போன் செத்துப் போச்சுன்னா?” என்றார்.